விளக்கைப் போடுமுன்

(நம் அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், இரண்டாம் நாள் முற்பகல் குடும்ப நல அமர்வில், தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

சான்றோர் பலர் அரிய பொருள்களைப் பற்றி உரையாற்றிய இம்மேடையில், சமையல் எரிவாயுவைப் பற்றிப் பேச வந்து நிற்கிறேன். "நம் வீட்டுப் பெண்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் சொல்லுங்கள்" என்றுதான் விழாக் குழுவினர் என்னை அழைத்தார்கள். ஆண்களும் அமர்ந்து கேட்பதாயின் வருகிறேன் என்று விடையளித்தேன். எரிவாயு கசிந்த வீட்டில் முதலில் எழுந்து வந்து சுவிட்சைத் தட்டுவது யார் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

என் பணிக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன். அது ஒரு மார்கழி மாதத்து விடியற்காலை. பனிக்கு அஞ்சி வீட்டின் சன்னல்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்தன. வீட்டு அம்மையார் வழக்கம்போல் ஐந்து மணிக்கு முன்னரே எழுந்து சமையலறைக் கதவைத் திறந்தார். ஏதோ வாடை வீசுவதை உணர்ந்தார். உணர்ந்ததும், என்னவென்று பார்ப்பதற்காக விளக்கைப் போட்டார். நாங்கள் சென்று சேர்ந்தபோது சமையலறையின் ஒரு பக்கச் சுவர் இல்லை. அம்மையார் உயிர் பிழைத்தார். முகத்திலும் இரு கைகளிலும் தழும்புகள் நிலைத்துவிட்டன. பல நாள் கழித்து மருத்துவமனையில் அவரைச் சந்தித்தேன். அவர் சொன்ன சொல் இன்றும் என் காதில் இருக்கிறது: "வாடை வந்தது தம்பி. என்ன என்று பார்க்கத்தானே விளக்கைப் போட்டேன்?"

அவர் செய்தது அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருட்டில் ஐயம் எழுந்தால் விளக்கைப் போடுவது மனித இயல்பு. பிறந்தது முதல் நம் கைக்குப் பழகிய செயல் அது. அந்தப் பழக்கத்தை ஒரேயொரு சூழ்நிலையில் மட்டும் அடக்கிக்கொள்ளக் கற்பிப்பதே என் உரையின் நோக்கம்.

இதில் என் சொந்தக் குற்றம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மையாரைக் கண்டுவிட்டு அன்று மாலையே என் தாயார் வசித்த கிராமத்து வீட்டுக்குச் சென்றேன். அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குச் செல்லும் ரப்பர் குழாய் வெடித்து, வளையும் இடத்தில் கீறல் கீறலாக இருந்தது. எப்போது மாற்றியது என்று கேட்டேன். "அடுப்பு வாங்கிய நாளிலிருந்து இதுதானப்பா" என்றார். கணக்கிட்டுப் பார்த்தால் பத்தாண்டுக்கு மேல். ஊர் ஊராகச் சென்று தீப் பாதுகாப்பு பற்றி முழங்கிய நான், பெற்ற தாயின் அடுப்படியை ஒரு முறையும் குனிந்து பார்த்ததில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மகன்மார்களும் மருமகன்மார்களும் இதனை நெஞ்சில் கொள்ள வேண்டும்.

இனி இந்த வாயுவின் இயல்பைப் பார்ப்போம். இயல்பை அறிந்தால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை தாமே விளங்கும்.

நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு உள்ளே அடைபட்டிருக்கிறது. வெளியே வந்தால் அத்திரவம் ஏறத்தாழ 250 மடங்கு பருத்து வாயுவாகிறது. அது காற்றைவிட எடை மிகுந்தது. ஆகையால் புகையைப் போல மேலே எழாது. கொட்டிய நீரைப் போலத் தரையில் பரவும், கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கு நகரும், பள்ளமான இடத்தில் தேங்கும். காற்றில் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

இரண்டு பங்கு என்பது எவ்வளவு? பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள ஒரு சமையலறையை எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வறை முழுவதும் தீப்பற்றும் நிலையை அடைய ஏறத்தாழ 1 கிலோ 200 கிராம் வாயு போதும். வீட்டு சிலிண்டரில் நிறைக்கப்படுவது 14.2 கிலோ. அதாவது, நிறைந்த சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாயு தரையோடு தங்குவதால், கீழ்ப்பகுதி மட்டும் தீப்பற்றும் நிலையை அடைய அதனினும் குறைவே போதும்.

இவ்வாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது, நிறமும் கிடையாது. நாம் முகரும் அந்தக் கெட்ட வாடை, எத்தில் மெர்காப்டன் என்னும் பொருளை வேண்டுமென்றே கலப்பதால் வருவது. வாடையின் அருமையை உலகுக்கு உணர்த்திய துயரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், 1937ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் பிற்பகலில் நடந்தது அது. எண்ணெய் வயல்களில் கழிவாகக் கிடைத்த இயற்கை வாயுவைச் செலவைக் குறைப்பதற்காக அப்பள்ளி வெப்பமூட்டப் பயன்படுத்தியது. அவ்வாயுவுக்கு வாடை சேர்க்கப்படவில்லை. கட்டடத்தின் தரைக்கடியில் கசிந்து நிறைந்ததை எவரும் அறியவில்லை. பிள்ளைகள் சிலர் தலைவலி என்று சொல்லியிருந்தார்கள், காரணம் புலப்படவில்லை. தொழிற்பயிற்சி அறையில் மின்சாரத் தேய்ப்புக் கருவி ஒன்றை ஆசிரியர் இயக்கினார். அதன் சுவிட்சில் எழுந்த பொறியில் பள்ளி தகர்ந்து, மாணவரும் ஆசிரியருமாக முந்நூறு பேரளவில் மாண்டனர். அதன் பிறகே டெக்சாஸில் வாயுவுக்கு வாடை சேர்க்கச் சட்டம் இயற்றினார்கள். பிற இடங்களும் அதனைப் பின்பற்றின.

அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத எச்சரிக்கை இன்று நமக்குக் கிடைக்கிறது. தீப்பற்றும் அளவில் ஐந்தில் ஒரு பங்கை வாயு எட்டும்போதே வாடை தெரியும்படி கலக்க வேண்டும் என்பது முறை. அதாவது, வாடை வந்தவுடனேயே பெரும்பாலும் நமக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நம் சமூகத்துக் குடும்பங்களுக்கே உரிய ஒரு செய்தியை இங்கே கூற வேண்டும். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நற்பழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உள்ளது. ஆறு மணிக்குள் அடுப்படி கழுவி அடைக்கப்பட்டுவிடுகிறது. மறுநாள் விடியற்காலையில்தான் திறக்கப்படுகிறது. பிறர் வீடுகளில் இரவு ஒன்பது, பத்து மணிவரை சமையலறையில் ஆள் நடமாட்டம் இருக்கும். கசிவு இருந்தால் யார் மூக்கிலாவது படும். நம் வீட்டிலோ பத்துப் பதினொரு மணி நேரம் அங்கே எவரும் நுழைவதில்லை. அடுப்பின் சிறிய பர்னர் ஒன்று தீயின்றித் திறந்து கிடந்தால், அந்த நீண்ட இரவுக்குள் நான் முன்னர்ச் சொன்ன 1 கிலோ 200 கிராம் வெளியேறிவிடக்கூடும். பொங்கிய பாலோ, மின்விசிறிக் காற்றோ அணைத்துவிட்ட அடுப்பை, தானாக அணைந்தது என்று அறியாமல் விட்டுச் செல்வதாலும் இது நேரும். ஆகவே மாலையில் அடுப்படியை அடைக்குமுன், அடுப்பின் குமிழ்களை மட்டுமன்றி, சிலிண்டரின் மேலுள்ள ரெகுலேட்டரையும் கட்டாயம் மூட வேண்டும். சமையலறைச் சன்னல் ஒன்று இரவிலும் சிறிது திறந்திருக்கட்டும்.

அன்றாடம் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். வாயு தீர்ந்துவிட்டது என்று படுக்க வைத்தோ உருட்டியோ எரிக்கக் கூடாது. அடுப்பு மேடை சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். காற்றுப் புகாத மரப்பெட்டிக்குள் சிலிண்டரை அடைத்து வைத்தல் தவறு. சமையலறையிலேயே பூசை மாடம் வைத்திருப்போர் விளக்கைத் தரையருகில் ஏற்றலாகாது. வாயு முதலில் வந்து சேரும் இடம் தரைதான். குளிர்பதனப் பெட்டி தானாக இயங்கி நிற்கும்போது பொறி எழக்கூடும். இடமிருந்தால் அதனைச் சமையலறைக்கு வெளியே வைப்பது நன்று.

குழாயைப் பொறுத்தவரை, உள்ளே கம்பிப் பின்னலுள்ள ஆரஞ்சு நிறச் 'சுரக்ஷா' குழாயையே ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். கீறல் கண்டால் அதற்கு முன்னரே மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் துணி உறை போடாதீர்கள். கீறலை உறை மறைத்துவிடும். குழாயின் மேல் வாங்கிய ஆண்டை எழுதி வையுங்கள்.

புதிய சிலிண்டர் வரும்போது, கொண்டுவருபவர் அவசரத்தில் இருப்பார். நாம் அவசரப்பட வேண்டியதில்லை. முத்திரை உடையாமல் இருக்கிறதா, உள்ளே வளையம் இருக்கிறதா, எடை சரியா, வால்வில் கசிவு உண்டா என்று அவரையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அது நம் உரிமை. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஆங்கில எழுத்து ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அருகிலுள்ள இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். அம்மாத முடிவுக்குள் அந்த சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது பொருள். காலம் கடந்திருந்தால் பெற்றுக்கொள்ளாதீர்கள்.

கசிவு உண்டா என்று பார்க்கத் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனை அறவே விட்டொழிக்க வேண்டும். சோப்பு நீரை இணைப்புகளின் மேல் தடவுங்கள். கசிவிருந்தால் குமிழி எழும்.

இனி, வாடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

முதலாவது, எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரிகின்ற விளக்கு எரியட்டும், அணைந்த விளக்கு அணைந்தே இருக்கட்டும். இரண்டு செயலிலும் உள்ளே பொறி எழும். புகைபோக்கி விசிறியைப் போட்டால் வாயு வெளியேறும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது மிகவும் ஆபத்தானது. கைவிளக்கும் கைப்பேசியும் அந்த அறைக்குள் வேண்டா.

இரண்டாவது, எரியும் அடுப்பு, அகல்விளக்கு, ஊதுவத்தி எதுவானாலும் வாயு அதனை நெருங்குமுன் அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, அடுப்பின் குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். வாடை நிற்கவில்லையெனில் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு வந்த பாதுகாப்பு மூடியை வால்வின்மேல் அழுத்திப் பொருத்துங்கள். அந்த மூடியைத் தொலைத்துவிட்டவர்கள் இன்றே தேடி, சிலிண்டரின் கழுத்திலேயே கட்டி வையுங்கள்.

நான்காவது, கதவுகளையும் சன்னல்களையும் ஓசையின்றி அகலத் திறந்துவிட்டு, குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். வாடை மிகக் கடுமையாக இருந்தால் உள்ளே சென்று எதையும் மூட முயலாமல் உடனே வெளியேறுவதே அறிவுடைமை.

ஐந்தாவது, வீட்டைவிட்டு விலகி நின்று தொலைபேசியில் அழையுங்கள். சமையல் எரிவாயுக் கசிவுக்கென நாடு முழுவதற்குமான அவசர எண் 1906. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தீயணைப்புத் துறைக்கு 101. பொது அவசர உதவிக்கு 112. அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். ஆனால் அழைப்பு மணியை அழுத்தாமல் கதவைத் தட்டியோ குரல் கொடுத்தோ சொல்லுங்கள். பூட்டிய பக்கத்து வீட்டிலிருந்து வாடை வந்தாலும் இதே முறைதான். வந்து சோதித்தவர் சொல்லும்வரை உள்ளே திரும்பாதீர்கள்.

தீயே பற்றிவிட்டால்? இணைப்பில் சிறு சுடராக எரியும்போது, கை எட்டுமாயின் ரெகுலேட்டரை மூடினாலே தீ தணியும். ஈரச் சாக்கையோ தடித்த ஈரத் துணியையோ போர்த்திக்கொண்டு நெருங்கலாம். எட்டாதென்றால் பொருளை எண்ணாமல் உயிரோடு வெளியேறுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். ஓடினால் தீ வளரும். தரையில் படுத்துப் புரள வேண்டும். அருகிலிருப்பவர் தடித்த பருத்திப் போர்வையால் மூட வேண்டும். புண்ணின்மேல் இருபது நிமிடம் குழாய் நீர் ஓட விடுங்கள். பற்பசை, மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டா. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காமல், தூய துணியால் மெல்ல மூடி, 108ஐ அழையுங்கள். சமையல் செய்யும்போது நைலான் சேலையைத் தவிர்த்துப் பருத்தியாடை உடுத்துங்கள் என்று சொல்வதும் இதனால்தான். நைலான் உருகித் தோலோடு ஒட்டும்.

நகரங்களில் வாழும் நம் பிள்ளைகள் சிலர் வீட்டுக்குக் குழாய் வழி இயற்கை வாயு வந்துவிட்டது. அது காற்றைவிட இலேசானது. மேலே எழுந்து கூரையருகில் தங்கும். உயரத்துச் சன்னல்களைத் திறப்பது அங்கே முதன்மையானது. சுவிட்சைத் தொடாமை இரண்டுக்கும் பொது.

முதியோரைப் பற்றி ஒரு சொல். வயது ஏற ஏற முகரும் திறன் குறைகிறது. சளி பிடித்தாலும் குறைகிறது. வாடையுள்ள இடத்திலேயே நெடுநேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகியும் விடுகிறது. தனியே வாழும் பெற்றோர் வீட்டில் எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி ஒன்றைப் பொருத்துவது, பண்டிகைக்கு வாங்கித் தரும் புத்தாடையினும் பயனுள்ள பரிசு. சிலிண்டர் வாயுவுக்கானால் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் அதனைப் பொருத்த வேண்டும்.

நம் விழாக்களிலும் விருந்து சமைக்கிறோம். வீட்டு சிலிண்டரை விருந்துச் சமையலுக்கு எடுப்பது விதிப்படியும் கூடாது. அதற்கென 19 கிலோ வணிக சிலிண்டர் உண்டு. சிலிண்டர்களைப் பந்தலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், பெரிய அடுப்புகளின் அனலுக்கு எட்டாமல் நிறுத்துங்கள். பொறுப்பாக ஒருவரை அமர்த்துங்கள்.

நிறைவாக ஒன்று. விறகடுப்புக் காலத்தில் நம் பாட்டிமார் ஒவ்வொரு விறகையும் தட்டி, எறும்போ பூச்சியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பின்னரே அடுப்பில் வைத்தார்கள். நானும் சிறுவனாக அருகில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். பசியோடு காத்திருக்கும் எனக்கு அது வீண் தாமதமாகத் தோன்றும். தீ மூட்டுமுன் ஒரு கணம் நின்று பார்க்கும் அப்பழக்கம் விறகோடு போய்விட்டது. அதனை மீண்டும் கைக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறேன். சிற்றுயிருக்காக அவர்கள் நின்றார்கள். நம் வீட்டு உயிர்களுக்காகவும் நாம் நிற்கலாம்.

இன்று இல்லம் திரும்பியதும், குடும்பத்தார் அனைவரும் சமையலறை வாயிலில் நின்று ஒரு முறை பழகிப் பாருங்கள். விளக்கைப் போடாமல் ரெகுலேட்டரைத் தொட்டு மூட முடிகிறதா? சன்னலின் தாழ்ப்பாள் இருட்டில் கைக்கு அகப்படுகிறதா? பத்து வயதுப் பிள்ளைக்கு 1906 என்னும் எண் தெரிகிறதா? இரண்டு நிமிடம் போதும். பின்னர், உங்கள் பெற்றோர் வேறு ஊரில் இருந்தால், அடுத்த முறை செல்லும்போது அடுப்பு மேடைக்குக் கீழே குனிந்து அந்தக் குழாயைப் பாருங்கள். நான் பத்தாண்டு தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டா.